உங்கள் ஊர் ஒரு கால்பந்து அணியைத் தாங்குமா? எல்லையோர ஊர்களை அளந்து பார்க்கும் முறை

தமிழ்நாடு, கேரள எல்லையில் நீரோடியிலிருந்து களியக்காவிளை வரைக்கும், வேலந்தாவளத்திலிருந்து கொழிஞ்சாம்பாறை வரைக்கும், பந்து பேசுகிற டீக்கடைகளில் அடிக்கடி எழும் கேள்வி: “நம்ம ஊருக்கு ஒரு டீம் வராதா?” கேட்பவரே காரணத்தையும் சொல்லிவிடுவார்: “இங்க கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லை.” அது உண்மைதான். ஆனால் கூட்டத்தை மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இந்தியக் கால்பந்தில் இல்லை.

2017இல் நாட்டின் முதல்நிலை லீக்கான ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) 8 அணியிலிருந்து 10 அணியாக விரிந்தது. அப்போது ஏலத்துக்கு வந்த ஊர்கள் பத்து: அகமதாபாத், பெங்களூரு, கட்டாக், துர்காபூர், ஐதராபாத், ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா, ராஞ்சி, சிலிகுரி, திருவனந்தபுரம். கிடைத்தது பெங்களூருக்கும் ஜாம்ஷெட்பூருக்கும். கூட்டக் கணக்கில் கொல்கத்தாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் பெங்களூரில் 2013 முதலே ஒரு நிறுவனம் நடத்திக்கொண்டிருந்த கிளப் இருந்தது. ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் இருந்தது, அதன் சொந்த மைதானம் இருந்தது, 1987 முதல் பையன்களைத் தயார் செய்துவரும் அகாடமியும் இருந்தது. உரிமையாளர், கிரவுண்டு, தேதி. இந்த மூன்றும் கையில் இருந்தால் கூட்டத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

ஆகவே ஊரை அளக்கும்போதும் முதலில் கிரவுண்டு, அடுத்து தேதி என்று போவோம். கூட்டத்தை அதற்குப் பிறகு எண்ணினால் போதும், காசுக் கணக்கு கடைசியில்.

முதலில், எந்த வழியாக உள்ளே போகப் போகிறீர்கள்?

வழிகள் நான்கு. ஒன்று, ஐஎஸ்எல் புதிய ஊருக்கு ஏலம் விடும்போது வாங்குவது. எல்லையோரத்து ஊர் எதற்கும் இதை யோசிக்கத் தேவையில்லை. திருவனந்தபுரத்துக்கு வேண்டுமானால் பேசலாம்.

இரண்டு, ஐஎஸ்எல்லுக்கு அடுத்த நிலையான ஐ-லீக்கில் நிறுவனங்களுக்கு நேரடி இடம் தரும்போது விண்ணப்பிப்பது. 2020இலும் 2023இலும் இப்படித் தந்தார்கள். இதில் கவனிக்க வேண்டிய சங்கதி உண்டு. 2020இல் ஸ்ரீநிதி விசாகப்பட்டினத்தின் பெயரில் இடம் வாங்கியது, ஆனால் சொந்த ஆட்டங்களை ஐதராபாத்தில் ஆடியது. 2023இல் வாரணாசிக்கென்று வாங்கிய இன்டர் காசி, வங்காளத்துக் கல்யாணியில் ஆடியது. விண்ணப்பத்தில் ஊர் பெயரை எழுதுவது சுலபம், அந்த ஊரில் கிரவுண்டைத் தயார் செய்வதுதான் பாடு. உங்கள் ஊரின் பெயரைப் போட்டுக்கொள்ள ஒரு நிறுவனம் முன்வந்தால், முதல் சீசனின் முதல் ஆட்டம் எந்த கிரவுண்டில் என்று எழுத்தில் கேளுங்கள்.

மூன்று, கீழிருந்து ஏறுவது: மாவட்ட லீக், மாநில லீக், ஐ-லீக் 3, ஐ-லீக் 2, ஐ-லீக். வருடங்கள் ஆகும், ஆனால் ஏறினால் நிற்கும். பஞ்சாப் எஃப்சி 2023இலும் முகமதன் 2024இலும் ஐ-லீக்கை வென்றுதான் ஐஎஸ்எல்லுக்குள் போயின.

நான்கு, 2024இல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளா. ஆறு அணிகள்: கோழிக்கோடு, கொச்சி, கண்ணூர், மலப்புறம், திருச்சூர், திருவனந்தபுரம். எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டுமே இந்த வழி. பட்டியலில் பாலக்காடு இல்லாததைக் குறித்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

எல்லைக்கோட்டில் வரும் சிக்கல்

கிளப் எந்த மாநிலச் சங்கத்தில் பதிவாகிறதோ அந்த மாநிலத்து லீக்கில்தான் ஆட முடியும். ஐ-லீக் 3க்கு அணிகளைப் பரிந்துரைப்பதும் மாநிலச் சங்கம்தான். பொழியூர்ப் பையனும் நீரோடிப் பையனும் ஒரே மணலில் ஆடி வளர்ந்திருப்பார்கள். பதிவு என்று வந்தால் ஒருவர் கேரளா, மற்றவர் தமிழ்நாடு. கிளப் மார்த்தாண்டத்தில் பதிவாகி, கிரவுண்டு மட்டும் பாறசாலைப் பக்கம் கிடைத்தால், இரண்டு சங்கங்களின் சம்மதமும் அதற்கு மேல் தேசியச் சம்மேளனத்தின் அனுமதியும் வேண்டியிருக்கும். “பத்து கிலோமீட்டர்தானே” என்ற பேச்சு அங்கே எடுபடாது.

எனவே கிரவுண்டு எந்த மாநிலத்தில் உறுதியாகிறதோ அதே மாநிலத்தில் கிளப்பைப் பதியுங்கள். முதலில் கிளப்பைப் பதிந்துவிட்டுப் பிறகு கிரவுண்டு தேடுவதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு. வீரர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். மாநிலம் மாறி ஆடுவதற்கு சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவு முறையிலேயே வழி இருக்கிறது.

கிரவுண்டை அளப்பது

கையில் வேண்டியவை: 50 மீட்டர் டேப், கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவல், ஒன்றரை அடி நீளத்தில் 6 அங்குல பிவிசி பைப் துண்டு, வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர். மொபைல் ஆப்பில் வெளிச்சம் அளக்காதீர்கள். போனுக்குப் போன் வேறு எண் காட்டும்.

ஆடுகளம் 105 மீட்டருக்கு 68 மீட்டர். நீள அகலம் சரியாக வந்துவிட்டதென்று டேப்பைச் சுருட்டிவிடாதீர்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். ஒவ்வொன்றும் 125.1 மீட்டர் வர வேண்டும். ஒன்று 124, மற்றது 126 என்றால் களம் செவ்வகமாக இல்லாமல் இணைகரமாகச் சாய்ந்திருக்கிறது, கோல் போஸ்ட் கோணலாக நிற்கிறது என்று அர்த்தம். ஊர் மைதானங்களில் இது சர்வ சாதாரணம். கோட்டுக்கு வெளியேயும் இடம் வேண்டும். பக்கவாட்டில் 8.5 மீட்டர், கோலுக்குப் பின்னால் 10 மீட்டர் என்று ஃபிஃபா சொல்லும் கணக்கில் மொத்தம் 125 × 85 மீட்டர்.

அரசு ஸ்டேடியம் பெரும்பாலானவற்றில் களத்தைச் சுற்றி 400 மீட்டர் ஓடுதளம் இருக்கும். அதன் உள்விளிம்புக்கு உள்விளிம்பு அகலம் 73 மீட்டர். அதில் 68ஐ வைத்தால் பக்கத்துக்கு இரண்டரை மீட்டர்தான் மிச்சம். மூலைகளில் ஓடுதளம் வளைந்து உள்ளே வருவதால் கார்னர் கொடிக்குப் பின்னால் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் கிடைக்கும். கார்னர் எடுக்கிறவர் ஓடி வர ஆரம்பிப்பது சிந்தெடிக் ஓடுதளத்தின் மேல்; ஸ்டட் வைத்த பூட்ஸ் அதில் வழுக்கும், ஓடுதளமும் கிழியும். செயற்கைப் புல் விரிப்பால் அந்த நான்கு மூலைகளையும் மூட வேண்டும் என்பதை முதல் நாளே பட்ஜெட்டில் எழுதுங்கள். இன்னொன்று, எட்டு வரிசை ஓடுதளம் கிட்டத்தட்ட 10 மீட்டர். அதோடு இரண்டரையைக் கூட்டினால், முதல் வரிசை ரசிகருக்கும் பக்கவாட்டுக் கோடான டச் லைனுக்கும் நடுவே 12 மீட்டருக்கு மேல். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸில் விங்கர் மூச்சு வாங்குவதைக் கேட்டுப் பழகிய ஆளுக்கு அது ரொம்பத் தூரம்.

அடுத்தது தண்ணீர். பைப்பைக் கோல் முகத்தில் நான்கு அங்குலம் இறங்கும்படி அடியுங்கள். ஒருமுறை தண்ணீர் ஊற்றி மண்ணை நனைய விடுங்கள். பிறகு மறுபடி ஊற்றி, தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் கோடு போட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மணல் அடுக்கு போட்ட நல்ல களத்தில் 10 செ.மீ.யும் ஒரு மணிக்குள் காணாமல் போயிருக்கும். இரண்டரை செ.மீ. கூட இறங்கவில்லை என்றால், ஐப்பசி மழையில் அங்கே நாற்று நடலாம். இதையே நடுக்களத்திலும் டச் லைன் ஓரத்திலும் செய்யுங்கள். கோல் முகம் மட்டும் மோசமாக இருந்தால் அது மிதிபட்டு இறுகியது. கிளறி மணல் கலந்தால் சரியாகும். மூன்று இடமும் மோசமென்றால் மேல்மண்ணை எடுத்துவிட்டு அடியில் வடிகால் போட வேண்டும். அது வேறு பட்ஜெட்.

மண்ணும் ஊருக்கு ஊர் வேறு. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வெட்டுக்கல் செம்மண். மேலே வழவழப்பு, அடியில் பாறை மாதிரி. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கமும் கோவைப் பக்கமும் கரிசல். நனைந்தால் உப்பும், காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். கரிசல் மேல் நேரடியாகப் புல் போட்டால் மார்ச்சில் கணுக்கால்கள் திரும்பும்.

சரிவுக்கு ட்யூப் லெவல் போதும். நடுக்களத்திலிருந்து டச் லைன் வரை 34 மீட்டர். அந்தத் தூரத்துக்கு 17 முதல் 34 செ.மீ. வரை இறக்கம் இருந்தால் தண்ணீர் ஓடும். ஒரு கோலிலிருந்து எதிர்க் கோலுக்கு இறக்கம் இருந்தால் அது களம் அல்ல, ஓடை.

வெளிச்சம். களத்தை 10 மீட்டருக்கு ஒரு புள்ளியாகப் பிரியுங்கள், சுமார் 77 புள்ளி வரும். ஒவ்வொன்றிலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் அளந்து எழுதுங்கள். பயிற்சிக்கு 200 லக்ஸ், டிவி இல்லாத கிளப் ஆட்டத்துக்கு 500, பெரிய ஆட்டத்துக்கு 750. டிவி நேரலை என்றால் அதற்கும் பல மடங்கு மேலே போக வேண்டும். சராசரியைவிட முக்கியமானது, ஆகக் குறைந்த புள்ளியைச் சராசரியால் வகுத்து வரும் எண். அது 0.6க்குக் கீழே இருந்தால் உயரமாக அடித்த பந்து இருட்டுத் திட்டில் மறைந்து திடீரென்று கோல்கீப்பர் முகத்துக்கு நேராக வரும். பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகளில் இன்னொரு தொல்லை: கரண்ட் ஒரு நொடி போய்வந்தாலும் விளக்கு ஆறி மறுபடி எரியப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். எல்இடிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஜெனரேட்டர் ஒன்று போதாது. ஒன்று ஓட, ஒன்று காத்திருக்க வேண்டும்.

டிரெஸ்ஸிங் ரூம், ரெஃப்ரீ ரூம், ஊக்கமருந்துச் சோதனை அறை எல்லாம் ஆசியச் சம்மேளனத்தின் உரிம விதிகளில் வருபவை. அந்த விதிகளில் ஏ, பி, சி என்று மூன்று தரம் உண்டு. ஏ தவறினால் உரிமமே கிடையாது. பி தவறினால் அபராதம் மாதிரி ஏதாவது விதித்துவிட்டு உரிமம் தரலாம். சி செய்தால் நல்லது. அந்தந்த சீசனின் விதிப்புத்தகத்தை இறக்கி, ஏ தரத்தில் இருப்பவற்றை மட்டும் முதலில் தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தால் பயம்தான் வரும்.

“முப்பதாயிரம் பேர் உட்காரலாம்” என்பதை நம்பாதீர்கள்

ஸ்டேடியத்தின் கொள்ளளவு என்று போர்டில் எழுதியிருப்பது பெரும்பாலும் இருக்கை நீளத்தை வகுத்துப் போட்ட எண். இங்கிலாந்தில் மைதானப் பாதுகாப்புக்குப் பின்பற்றும் கணக்கு வேறு. உட்கார எத்தனை பேர், உள்ளே வர எத்தனை பேர், வெளியே போக எத்தனை பேர் என்று தனித்தனியாகப் போட்டு, அதில் எது குறைவோ அதுதான் கொள்ளளவு.

ஒரு கேலரியை எடுத்துக்கொள்வோம். நீளம் 60 மீட்டர், பத்துப் படி. ஆளுக்கு அரை மீட்டர் என்றால் படிக்கு 120 பேர், மொத்தம் 1,200. இப்போது வெளியே போகும் படிக்கட்டு. ஒரு மீட்டர் அகலப் படிக்கட்டில் நிமிடத்துக்கு 66 பேர் இறங்கலாம். சமதரை என்றால் 82. எட்டு நிமிடத்துக்குள் கேலரி காலியாக வேண்டும். 1.2 மீட்டர் படிக்கட்டு ஒன்றில் நிமிடத்துக்கு 79 பேர், எட்டு நிமிடத்துக்கு 633 பேர். இரண்டு படிக்கட்டு இருந்தால் 1,266. அப்பாடா, 1,200 பேருக்குச் சரியாக இருக்கிறது. ஆனால் டிக்கெட் இல்லாதவர்கள் புகுந்துவிடுவார்கள் என்று ஒரு கேட்டைப் பூட்டி, சாவி வைத்திருக்கும் வாட்ச்மேன் டீ குடிக்கப் போய்விட்டால், அந்த கேலரியின் கொள்ளளவு 633தான். அளக்கப் போகும்போது கேட்டின் அகலத்தை மட்டும் பார்க்காமல் பூட்டில் துரு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். துரு ஏறிய பூட்டு, அந்த வழியை யாரும் திறப்பதில்லை என்பதற்குச் சாட்சி.

உள்ளே வருவதற்கு ஒரு கேட்டில் மணிக்கு 660 பேர் என்று கணக்கு. நம் ஊரில் பையைத் திறந்து பார்த்து, தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்து அனுப்புவதால் பாதியாகப் போட்டுக்கொள்வது நல்லது. நான்கு கேட் என்றால் மணிக்கு 1,300 பேர். ஐயாயிரம் பேர் வருவார்கள் என்று சொல்லிவிட்டு நான்கு கேட் வைத்தால், இடைவேளை வரைக்கும் பாதிப்பேர் ரோட்டில்தான் நிற்பார்கள்.

தற்காலிகக் கேலரி போட்டுச் சமாளிக்கலாம் என்று செவன்ஸ் நடத்தியவர்கள் சொல்வார்கள். மூங்கிலும் கமுகும் கட்டிய கேலரி மலப்புறம் மாவட்டத்துக் காளிகாவு பக்கம் 2022 மார்ச்சில் சரிந்து ஏராளமானோர் காயம்பட்டார்கள். தொழில்முறை லீக்கில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இரும்புக் குழாய்க் கேலரி என்றாலும் கட்டமைப்புப் பொறியாளரின் சான்றிதழ் இல்லாமல் அனுமதி கேட்கப் போகாதீர்கள்.

ஆம்புலன்ஸ் இரண்டு வேண்டும். ஒன்று அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டால், இன்னொன்று நின்றால்தான் ஆட்டம் தொடரும்.

தேதி

12 அணி லீக்கில் சொந்த மைதானத்தில் 11 ஆட்டம். 13 அணி என்றால் 12. சூப்பர் லீக் கேரளாவில் ஆறு அணி, ஆகவே லீக் சுற்றில் 5 மட்டும். ஆனால் 11 ஆட்டத்துக்கு கிரவுண்டு 11 நாள் போதாது. முந்தின நாள் எதிரணியின் பயிற்சி, அதற்கு முந்தின நாள் பலகை, கேமரா, கேபிள் எல்லாம் கட்ட. ஆக 33 நாள். அதுவும் புல்லுக்கு ஓய்வு கொடுக்கும் விதமாக இடைவெளி விட்டு. பயிற்சிக்கு இதே களத்தைத் தொட்டால் டிசம்பரில் புல் இருக்காது. பயிற்சிக்கு வேறு கிரவுண்டு கட்டாயம்.

மாநகராட்சி கிரவுண்டிலோ மாவட்ட விளையாட்டரங்கிலோ இந்த 33 நாளை எழுத்தில் வாங்குவதுதான் இந்த வேலை முழுவதிலும் கடினமான கட்டம். குடியரசு தின அணிவகுப்பு ஒத்திகை, பள்ளி விளையாட்டு விழா, ஆள்சேர்ப்பு முகாம், பொருட்காட்சி எல்லாம் அதே இடத்தில்தான் நடக்கும். கடைசி மூன்று வருடத்தில் எந்தெந்த நாள் எதற்குக் கொடுத்தார்கள் என்ற பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அதன் மேல் உங்கள் சீசனை வைத்துப் பார்த்தால் எத்தனை வார இறுதி மிஞ்சுகிறது என்று தெரிந்துவிடும்.

அதோடு ஊர் நாட்காட்டி. நாகர்கோவிலில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3இல் முடியும். அந்தப் பத்து நாளும் ஊருக்குள் வண்டி நகராது. மாசியில் மண்டைக்காட்டுக் கொடை. எல்லைக்கு அந்தப் பக்கம் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை போலீஸ் சபரிமலைப் பணியில் இருக்கும். அந்த இரண்டு மாதத்தில் பந்தோபஸ்து கேட்டுப் போனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். மழையும் அப்படித்தான். பாலக்காட்டுக்கு ஜூன், ஜூலை. குமரிக்கு இரண்டு மழையும் உண்டு, அக்டோபரும் நவம்பரும் மோசம். பாலக்காட்டில் மழை விட்டாலும் மார்ச், ஏப்ரல் வெயில் 40 டிகிரியைத் தொடும். கணவாய்க் காற்று வேறு. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வீசும் காற்றில் கோல்கிக் பாதி வழியில் திசை மாறும். களம் கிழக்கு மேற்காக இருந்தால் ஒரு பாதி முழுக்க ஒரு அணிக்கு அநியாயம்.

இப்போது கூட்டம்

பேஸ்புக் லைக்கை எண்ண வேண்டாம். உள்ளூர்ப் போட்டிக்குப் போங்கள். டிக்கெட் விற்கும் ஆட்டமாக இருக்க வேண்டும், இலவசம் என்றால் அந்த எண் எதற்கும் உதவாது. ஆட்டம் தொடங்கி 20 நிமிடம் கழித்து கேலரியில் ஒரு பத்தடி நீளத்தை எண்ணி, மொத்த நீளத்துக்குப் பெருக்குங்கள். இரண்டாம் பாதியில் மறுபடி எண்ணுங்கள். பிறகு கவுண்டரில் இருப்பவரிடம் போய், “அண்ணே, இன்னைக்கு எத்தனை டிக்கெட் போச்சு?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், கையில் இருக்கும் டிக்கெட் புத்தகத்தின் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் காட்டச் சொல்லுங்கள். இறுதி ஆட்டத்துக்கு ஒருமுறை, வாரநாளில் நடக்கும் முதல் சுற்று ஆட்டத்துக்கு ஒருமுறை போக வேண்டும். உங்கள் லீக்கின் சராசரி நாள், அந்த வாரநாள் முதல் சுற்றைப் போலத்தான் இருக்கும்.

குமரிக் கடப்புறத்துக்கு ஒரு தனிக் கணக்கு. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அடுத்தடுத்து பந்துக்குப் பேர்போன ஊர்கள். ஐஎஸ்எல்லில் ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். ஆனால் இந்த ஊர் ஆண்கள் ஆழ்கடல் தங்கல் தொழிலுக்குப் போகிறவர்கள். வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். ஐஎஸ்எல், ஐ-லீக் வழக்கமாக நடக்கும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை தொழில் மும்முரமாக இருக்கும் காலம். ஊர் நிறைந்திருப்பது கிறிஸ்துமஸை ஒட்டி. பிறகு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலத்தில். தடைக்காலத்தில் லீக் இல்லை, மழை இருக்கிறது. கிறிஸ்துமஸ் வாரத்தில் எடுத்த தலைக்கணக்கை வைத்துக்கொண்டு பிப்ரவரிக்கு பட்ஜெட் போட்டால் பாதி கேலரி காலியாக இருக்கும். இந்தக் கரைக்கு அணி அமைப்பவர், கிறிஸ்துமஸ் வாரத்தில் இரண்டு சொந்த ஆட்டம் கிடைக்க லீக்கிடம் முதலிலேயே கேட்டு வைக்க வேண்டும். பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான் மற்ற நாட்களின் ரசிகர்கள். அவர்களுக்கு ஏற்ற கழிவறையும் தனி நுழைவும் இல்லையென்றால் அதுவும் போச்சு.

கடைசி வண்டியையும் பாருங்கள். 7.30க்குத் தொடங்கினால் 9.20க்கு முடியும், வெளியே வந்து ரோட்டைப் பிடிக்க 9.45. அதற்கு மேல் களியக்காவிளைக்கோ வாளையாருக்கோ பஸ் உண்டா, குழித்துறையில் நிற்கும் ரயில் உண்டா என்று அட்டவணையோடு உட்காருங்கள். இல்லையென்றால் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கூட்டத்தைக் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். டூவீலரில் வருகிறவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அவர்களுக்கு நிறுத்த இடம் வேண்டும்.

காசு

ஒரு பேச்சுக்கு: டிக்கெட் 100 ரூபாய், ஆட்டத்துக்கு 4,000 பேர், 11 ஆட்டம். 44 லட்சம். அதே சீசனில் வெளியூர்ப் பயணம்: வீரர்களும் பயிற்சியாளர்களும் சேர்த்து 26 பேர், போக வர விமானம் ஆளுக்கு 15,000 என்று வைத்தால் ஒரு பயணம் 3.9 லட்சம், பதினோரு பயணம் 42.9 லட்சம். ஐசாலும் ஷில்லாங்கும் ஸ்ரீநகரும் இருக்கும் லீக்கில் இது மிகை அல்ல. கோழிக்கோடு, பெங்களூரு மாதிரி பஸ்ஸில் போகக்கூடிய இடங்களைக் கழித்தாலும், டிக்கெட் வசூலின் பெரும்பகுதி விமான டிக்கெட்டுக்கே போய்விடும். ஓட்டல், சம்பளம், கிரவுண்டு வாடகை எல்லாவற்றுக்கும் ஸ்பான்சர்தான். ஆகவே மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடும் ஸ்பான்சர் இல்லாமல் தொடங்காதீர்கள். 1997இல் தொடங்கி அதே வருடம் டூரண்ட் கோப்பையைத் தூக்கிய எஃப்சி கொச்சின் 2002இல் இல்லாமல் போனதற்குக் காரணம் ரசிகர் குறைவு அல்ல, பணம் வற்றியது.

சூப்பர் லீக் கேரளாவில் எல்லா ஊருக்கும் பஸ்ஸில் போய்வரலாம். ஒரே மாநில லீக் சின்ன ஊருக்குப் பொருந்துவது இதனால்தான்.

ஊர்களுக்கு மார்க்

கோவை: தேசிய லீக்குக்கு இந்த எல்லையில் ஆகத் தயாரான ஊர். சென்னை சிட்டி 2017-18 சீசனிலிருந்து நேரு ஸ்டேடியத்தில் ஆடி 2018-19இல் ஐ-லீக்கையே வென்றது. மழை மறைவுப் பகுதி, விமான நிலையம், கல்லூரி மாணவர்கள், பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள் எல்லாம் அங்கே உண்டு. ஓடுதளம் ஒன்றே குறை. 2020-21க்குப் பிறகு அந்த கிளப் தேசிய லீக்கில் இல்லை என்பதற்காக ஊரின் மார்க்கைக் குறைக்காதீர்கள். கிளப் போனாலும் களமும் ரசிகரும் அங்கேயே இருக்கிறார்கள்.

பாலக்காடு: சூப்பர் லீக் கேரளா அடுத்து விரிந்தால் முதலில் பேச வேண்டிய மாவட்டம். செவன்ஸுக்குக் காசு கொடுத்துப் பழகிய கூட்டம், கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகள், எல்லையைத் தாண்டி கோவை. குறை, தொழில்முறை ஆட்டத்துக்குத் தயாரான களம். திருச்சூர் முதல் சீசனை மஞ்சேரியில் ஆடியது, சொந்த ஊர் கிரவுண்டு இரண்டாம் சீசனில்தான் வந்தது. அதே மாதிரி முதல் வருடம் வேறிடத்தில் ஆடலாம், இரண்டாம் வருடமும் அப்படியே என்றால் ரசிகர்கள் கை கழுவிவிடுவார்கள்.

திருவனந்தபுரம்: சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தில் சூப்பர் லீக் கேரளாவின் கொம்பன்ஸ் அணி ஏற்கெனவே ஆடுகிறது. காரியவட்டம் கிரீன்ஃபீல்டில் 2016 ஜனவரியில் இந்தியா ஆப்கானிஸ்தானை 2-1 என்று வென்று தெற்காசியக் கோப்பையைத் தூக்கியது. இப்போது அங்கே கிரிக்கெட்தான். பாறசாலை, நெய்யாற்றின்கரைக்காரர்கள் தனி அணிக்கு அலைவதைவிட கொம்பன்ஸின் இளைஞர் அணிக்குப் பையன்களை அனுப்புவது பயன்.

நாகர்கோவில்: ஆட்டக்காரர்கள் உண்டு, கிரவுண்டும் ஸ்பான்சரும் இல்லை. அண்ணா விளையாட்டரங்கத்தை மட்டும் நம்பி ஐ-லீக்கைப் பற்றிப் பேச முடியாது. இங்கே முதலில் வேண்டியது 15 வயதுக்கும் 18 வயதுக்கும் உட்பட்டோருக்கான தங்கும் அகாடமியும், தமிழ்நாட்டு லீக்கில் ஒழுங்காக ஆடும் ஒரு கிளப்பும். ஐந்து வருடம் ஆகும். சூசைராஜ்கள் ஊரை விட்டுப் போய்த்தான் பெரிய ஆட்டக்காரர்கள் ஆனார்கள். அடுத்த தலைமுறைக்கு இங்கேயே ஒரு கிளப் இருந்தால் போதும், பெரிய லீக் பிறகு பார்க்கலாம்.

கிரவுண்டு அளவு, பைப் சோதனை, லக்ஸ் தாள், கேட்டுகளின் அகலம், பதிவேட்டில் மிஞ்சிய வார இறுதிகள், இரண்டு நாள் டிக்கெட் எண்ணிக்கை. இவற்றை ஆறு பக்கத்துக்குள் அடக்கி, கன்னியாகுமரி என்றால் தமிழில், பாலக்காடு என்றால் மலையாளத்திலும் ஒரு பிரதி எடுத்து, மாவட்டச் சங்கச் செயலாளரிடம் கொடுத்து முத்திரையோடு ரசீது வாங்குங்கள். ஸ்பான்சரைத் தேடிப் போகும்போது அந்த ரசீதை மேலே வையுங்கள்.